அமெரிக்காவின் ஆடித் தள்ளுபடி

ஆடி பிறந்ததும் ஜவுளிக் கடை வாசலில் பெரிய எழுத்தில் போர்டு தொங்குகிறது: தள்ளுபடி! கூட்டம் முண்டியடிக்கிறது. கடைக்காரர் கல்லாப்பெட்டியை மூட நேரமில்லாமல் திணறுகிறார். ஆவணியில் போய்ப் பாருங்கள், அதே கடை காற்று வாங்கிக்கொண்டிருக்கும். ஆனியிலும் அப்படித்தான் இருந்திருக்கும். 'இன்னும் பத்து நாள் பொறு, தள்ளுபடி வரட்டும்' என்று ஜனங்கள் காத்திருந்த மாதம் அது.

ஆண்டு முழுவதும் சேர்த்து ஒரு தொழிலாளி குடும்பம் எத்தனை சேலை, எத்தனை வேட்டி வாங்கியது? எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. "ஆடியில் ஒன்று எடுத்தோம், அதனால் தீபாவளிக்கு ஒன்று குறைந்தது" என்பாள். தள்ளுபடி வந்தது என்பதற்காகச் சம்பளம் கூடவில்லை. வாங்கும் சக்தி எவ்வளவோ அவ்வளவுதான் துணி.

நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த இந்தக் கணக்கைத்தான் அமெரிக்க சர்க்கார் 2009-ஆம் ஆண்டில் சுமார் 300 கோடி டாலர் செலவழித்துப் படித்தது. அதுவும் ஏறக்குறைய ஆடி மாதத்தில்தான் நடந்தது. விற்ற சரக்கு துணியல்ல, மோட்டார் கார். தள்ளுபடி கொடுத்தவர் கடைக்காரர் அல்ல, சர்க்கார் கஜானா.

அந்தக் கதையை இப்போது ஏன் பேச வேண்டும்? 'பழைய வண்டியை உடைக்கக் கொடு, புது வண்டிக்குச் சலுகை வாங்கு' என்ற பேச்சு 2021 முதல் நம் நாட்டிலும் கேட்கிறது. கார் வாங்கும் நிலையில் இல்லாத மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் 'நமக்கென்ன' என்று இருந்துவிடக் கூடாது. சலுகை போவது பொதுப் பணத்திலிருந்து. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, நாம் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கொடுக்கும் வரி.

டப்பா வண்டிக்கு ரொக்கம்

2008-இல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் சூதாட்டம் வெடித்தது. பெரிய பாங்கிகள் கவிழ்ந்தன. வேலை போனவனுக்கும், நாளை போகுமோ என்று பயந்தவனுக்கும் புதுக் கார் வாங்கும் எண்ணமே வரவில்லை. 2007-இல் அந்த நாட்டில் சுமார் 1 கோடியே 60 லட்சம் புது வண்டிகள் விற்றன. 2009-இல் விற்றவை சுமார் 1 கோடியே 4 லட்சம்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விற்பனை விழுந்துவிட்டது. 2009 ஏப்ரல் 30-இல் கிரைஸ்லர் கம்பெனியும், ஜூன் 1-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் திவால் மனுக் கொடுத்தன. அந்த ஆண்டு அக்டோபரில் வேலையற்றோர் நூற்றுக்குப் பத்துப் பேர்.

2009 ஜூன் 24-இல் ஜனாதிபதி ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு சர்க்கார் வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் வைத்த பெயர் சுருக்கமானது: 'டப்பா வண்டிக்கு ரொக்கம்'.

ஏற்பாடு இதுதான். உங்களிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அது 25 வயதுக்குள் இருக்க வேண்டும். ஒரு கேலன் பெட்ரோலுக்கு 18 மைலோ அதற்குக் குறைவாகவோ ஓடுவதாக இருக்க வேண்டும். நம் கணக்கில் லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டர் சுமார். ஓர் ஆண்டாக உங்கள் பெயரில் பதிவும் இன்ஷூரன்ஸும் இருக்க வேண்டும். அதைக் கடையில் கொடுத்துவிட்டு, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் புது வண்டி வாங்கினால் விலையில் 3,500 டாலரோ 4,500 டாலரோ கழித்துக்கொள்ளலாம். மைலேஜ் எவ்வளவு கூடுகிறதோ அதைப் பொறுத்து எந்தத் தொகை என்பது முடிவாகும். புது வண்டியின் விலை 45,000 டாலருக்கு மேல் போகக் கூடாது. கழித்த தொகையைக் கடைக்காரர் சர்க்காரிடம் வசூலித்துக்கொள்வார்.

முதலில் 100 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நவம்பர் வரை வரும் என்று நினைத்தார்கள். ஜூலைக் கடைசியில் திட்டம் முழு வேகத்தில் ஆரம்பித்தது. ஒரு வாரத்திலேயே பணம் தீரும் நிலை வந்துவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் இன்னும் 200 கோடி கொடுத்தது. ஆகஸ்ட் 24-இல் கடையைக் கட்டினார்கள். ஒரு மாதத்தில் 6 லட்சத்து 77 ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் மாறின.

கூட்டத்தைப் பார்த்து மந்திரிகள் பூரித்தார்கள். திட்டம் மகத்தான வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின.

ஓடும் எந்திரத்தைக் கொல்வது

கொடுத்த பழைய வண்டிகள் என்ன ஆயின? எந்திரத்தோடு உழைக்கும் நம் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த வண்டிகளை மறுபடி விற்கக் கூடாது என்பது சட்டம். எஞ்சினை அழித்தாக வேண்டும். அழிக்கும் முறையையும் சர்க்காரே எழுதிக் கொடுத்தது. எஞ்சினிலிருந்து எண்ணெயை வடித்துவிட வேண்டும். எண்ணெய் இருந்த இடத்தில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்ற வேண்டும். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, நிமிஷத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் ஓட விட வேண்டும். சூட்டில் நீர் வற்றி, கரைசல் கண்ணாடிபோல் இறுகி, ஓடுகிற உறுப்புகளைக் கவ்விப் பிடிக்கும். சில நிமிஷங்களில் எஞ்சின் திணறும், இருமும், நிற்கும். அதோடு சரி. பிறகு எந்த மெக்கானிக்காலும் அதை எழுப்ப முடியாது.

இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? காலமெல்லாம் எஞ்சினைப் பழுது பார்த்துப் பிழைத்த ஒர்க்ஷாப் தொழிலாளிகள். மில்லில் முப்பது வருஷத்துக்கு முந்திய மிஷினுக்கு எண்ணெய் விட்டு, உருளை மாற்றி, பெல்ட் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கும் நம் பிட்டர் தோழர்களிடம், ஓடுகிற மிஷினில் இப்படி ஒரு கரைசலை ஊற்றச் சொன்னால் அவர்களுக்குக் கை வருமா?

இதற்கு சர்க்கார் ஒரு காரணம் சொன்னது. பெட்ரோலை அதிகம் குடித்துப் புகை கக்கும் வண்டி மறுபடி ரோட்டுக்கு வந்தால் திட்டத்தின் நோக்கம் கெட்டுவிடும் என்றது. காரணம் நியாயமானதுதான். மாறிய வண்டிகளின் சராசரி மைலேஜ் 15.8-லிருந்து 24.9-ஆக உயர்ந்தது என்பதும் வாஸ்தவம். ஆனால் அமெரிக்க ரோடுகளில் ஓடுவன சுமார் 25 கோடி வண்டிகள். மாறியவை 7 லட்சத்துக்கும் குறைவு. ஆயிரத்துக்கு மூன்று கூட இல்லை. இதில் நாட்டின் காற்று எவ்வளவு சுத்தமாகியிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பொருளை அழித்து மார்க்கெட்டைக் காப்பாற்றுவது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1933-இல், இதற்கு முந்திய பெரும் நெருக்கடியின்போது, பருத்தி விலை விழுகிறது என்று சர்க்கார் பணம் கொடுத்து, விளைந்து நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கரை உழுது புதைத்தார்கள். சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளைக் கொன்றார்கள். துணியில்லாதவனும் பசித்தவனும் தெருவில் நின்ற காலம் அது. உழுது புதைத்ததற்கான காசோலை நிலச் சொந்தக்காரன் கைக்குப் போனது. பயிரிடும் நிலம் குறைந்ததும், வாரத்துக்கு உழுத தென்பகுதிக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் குடிசையை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2009-இல் பருத்திக்குப் பதில் எஞ்சின்.

விற்பனை உயர்ந்தது, பிறகு?

தள்ளுபடியால் விற்பனை உயர்ந்ததா? உயர்ந்தது. அதை மறுப்பது நேர்மையல்ல. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவில் சுமார் 12 லட்சத்து 60 ஆயிரம் புது வண்டிகள் விற்றன. ஜெனரல் மோட்டார்ஸ் உற்பத்தியைக் கூட்டுவதாகவும், 1,350 தொழிலாளர்களை மீண்டும் வேலைக்குக் கூப்பிடுவதாகவும் அறிவித்தது. வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் குடும்பங்களுக்கு அது நல்ல சேதி.

சலுகை ஆகஸ்ட் 24-இல் முடிந்தது. செப்டம்பரில் விற்றவை சுமார் 7 லட்சத்து 46 ஆயிரம். ஒரே மாதத்தில் பத்தில் நான்கு பங்கு சரிவு. ஆடி போய் ஆவணி வந்துவிட்டது.

ஒரு மாதச் சரிவை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். நிதானமாக ஆராய்ந்தவர்கள் சொன்னதைப் பார்ப்போம். ஆதிஃப் மியான், அமிர் சூஃபி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஒரு நல்ல வழியைக் கையாண்டார்கள். சலுகைக்குத் தகுந்த பழைய வண்டிகள் நிறைய இருந்த ஊர்களையும், அவை குறைவாக இருந்த ஊர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 2012-இல் வெளியான அவர்களுடைய முடிவு: சலுகையால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதங்களில் சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம் வண்டிகள் கூடுதலாக விற்றன. அப்படியானால், சலுகை பெற்ற 6 லட்சத்து 77 ஆயிரம் பேரில் மற்றவர்கள் சலுகை இல்லாவிட்டாலும் அப்போதே வாங்கியிருப்பார்கள். அவர்களுக்குப் போன பணம் சும்மா போன பணம்.

அந்த 3 லட்சத்து 70 ஆயிரமாவது நிலைத்ததா? அதுவும் இல்லை. அடுத்த மாதங்களில் விற்பனை அதே அளவுக்குக் குறைந்தது. 2010 மார்ச்சுக்குள், அதாவது ஏழே மாதத்தில், கூடுதலாக விற்றதெல்லாம் ஏறக்குறைய ஈடாகிவிட்டது. சலுகை நிறையப் போன ஊர்களில் வேலைவாய்ப்பு மற்ற ஊர்களைவிடக் கூடியதற்கு அவர்களுக்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை.

இதன் அர்த்தம் என்ன? நம் விவசாயக் கூலித் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடவுக்கு முன்னால் நிலச் சொந்தக்காரரிடம் முன்பணம் வாங்குகிறோம். அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்கிறது. அறுவடையில் அந்தப் பணத்தைக் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். அன்று வயிறு காய்கிறது. முன்பணம் கொடுத்ததை யாராவது கூலி உயர்வு என்று சொன்னால் சிரிக்க மாட்டோமா? அமெரிக்க சர்க்கார் கார் கம்பெனிகளுக்கு வாங்கிக் கொடுத்தது இப்படிப்பட்ட முன்பணம். 2010-இல் வாங்கியிருக்க வேண்டியவனை 2009-இல் வாங்க வைத்தது. புதிதாக ஒருவனுடைய சட்டைப்பையிலும் பணம் சேர்க்கவில்லை.

இன்னொரு ஆராய்ச்சி இதைவிட வேடிக்கையான விஷயத்தைக் கண்டுபிடித்தது. டெக்சாஸ் மாகாணத்தின் விற்பனைக் கணக்குகளைக் கொண்டு செய்யப்பட்டு, 2017-இல் வெளியான ஆராய்ச்சி அது. மைலேஜ் நிபந்தனை காரணமாக, பெரிய வண்டி வாங்க இருந்தவர்கள் சிறிய, விலை குறைந்த வண்டிக்கு மாறினார்கள். எண்ணிக்கை சில மாதங்களில் சமமாகிவிட்டது. வண்டிக்கு வண்டி கொடுத்த விலையோ குறைந்துவிட்டது. ஆகவே, சுமார் ஓர் ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், புது வண்டிகளுக்கு ஜனங்கள் செலவழித்த மொத்தத் தொகை கூடவில்லை, குறைந்தது! கார் தொழிலுக்குப் பணம் சேர்க்க வந்த திட்டம் கார் தொழிலின் வரவைக் குறைத்தது. ஒரே மாட்டை ஏரிலும் செக்கிலும் ஒரே நேரத்தில் பூட்ட முடியுமா? பெட்ரோலை மிச்சப்படுத்துவது ஒரு நோக்கம். கம்பெனியின் வியாபாரத்தைப் பெருக்குவது வேறொரு நோக்கம். இரண்டையும் ஒரே சலுகையில் கட்டியதால் ஒன்று மற்றொன்றை இழுத்துத் தள்ளியது.

திட்டத்தின் ஆதரவாளர்களுக்கும் ஒரு வாதம் உண்டு. 'வீடு பற்றி எரியும்போது நாளைய தண்ணீரை இன்றே ஊற்றுவதில் என்ன தப்பு? நெருக்கடியின் உச்சத்தில் ஆறேழு மாத விற்பனையை முன்னால் இழுத்தாலே லாபம்தானே' என்கிறார்கள். இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், அதே தண்ணீரை ஊற்ற வேறு வழி இருந்ததா என்று கேட்க வேண்டும். புரூக்கிங்ஸ் என்ற ஆராய்ச்சி நிலையம் 2013-இல் கணக்குப் பார்த்தது. இந்தத் திட்டத்தால் உண்டான ஒவ்வொரு வேலைக்கும் ஆன செலவு 14 லட்சம் டாலர்! வேலையற்றவர்களுக்கு நேரடியாக உதவித்தொகை கொடுத்திருந்தால், அவர்கள் அதை உடனே செலவழித்து, அதே பணத்தில் பல மடங்கு வேலை உண்டாகியிருக்கும் என்றும் அந்தக் கணக்கு காட்டியது. இதைச் சொன்னவர்கள் தொழிற்சங்கக்காரர்கள் அல்ல.

யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை?

பணம் எவ்வளவு போனது என்பதோடு எந்தப் பக்கம் போனது என்பதையும் பார்க்க வேண்டும்.

புதுக் கார் வாங்க வசதியுள்ளவனுக்குத்தான் சலுகை. 4,500 டாலர் கழிந்த பிறகும் மீதி விலையைக் கட்ட வேண்டும், அல்லது பாங்கி நம்பிக் கடன் கொடுக்க வேண்டும். வேலை போனவனுக்கு எந்த பாங்கி கடன் கொடுக்கும்? நெருக்கடியில் அதிகம் அடிபட்டவன் வாசலிலேயே நிறுத்தப்பட்டான்.

அடுத்து, பெட்ரோலை வாரி இறைக்கும் பெரிய வண்டி வைத்திருந்தவனுக்குப் பரிசு கிடைத்தது. ஆரம்பத்திலிருந்தே சிக்கனமாகச் சிறிய வண்டி ஓட்டியவனுக்கு ஒன்றுமில்லை. அவன் வண்டி எவ்வளவு பழசானாலும் சரி, மைலேஜ் 18-க்கு மேல் இருந்தால் தகுதி கிடையாது! திரும்பக் கொடுத்த வண்டிகளில் முதலிடம் பிடித்தது ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற பெரிய வண்டி. புதிதாக வாங்கியவற்றில் முதலிடம் பிடித்தது டொயோட்டா கொரோலா. கொரோலாவைப் பத்து வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்த ஏழை, கூட்டத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தான்.

அமெரிக்காவில் பஸ் வசதி குறைந்த ஊர்கள் ஏராளம். அங்கே கார் ஆடம்பரமல்ல, வேலைக்குப் போகும் கால். அந்தக் காலை ஏழை வாங்குவது பழைய மார்க்கெட்டில். அந்த மார்க்கெட்டுக்கு வந்திருக்க வேண்டிய வண்டிகள்தான் கரைசல் குடித்துச் செத்தவை. அதற்குப் பிறகு அங்கே பழைய வண்டிகளின் விலை ஏறியது. அதற்கு இந்தத் திட்டம் ஒன்றே காரணம் என்று சொல்வது சரியல்ல. புது வண்டி விற்பனை விழுந்ததுதான் பெரிய காரணம். ஆனால், பஞ்ச காலத்தில் குதிரை சாவது கண்டும் சர்க்காரே சில குதிரைகளைக் கொன்றது என்பது மிச்சம்.

ஜெர்மனி, பிரான்ஸ், நம் துறைமுகம்

இது அமெரிக்காவின் தனிப் பிழை என்று நினைக்க வேண்டாம். ஜெர்மன் சர்க்கார் 2009 ஆரம்பத்திலேயே ஒன்பது வயதைத் தாண்டிய வண்டிக்கு 2,500 யூரோ கொடுத்தது. 150 கோடி யூரோவில் தொடங்கி 500 கோடி யூரோவில் முடிந்தது. சுமார் 20 லட்சம் வண்டிகள் மாறின. பலன்? அங்கே புதுக் கார்கள் 2008-இல் சுமார் 30 லட்சத்து 90 ஆயிரம் பதிவாயின. 2009-இல் 38 லட்சத்தைத் தாண்டின. 2010-இல் 29 லட்சத்து 20 ஆயிரத்துக்கு இறங்கின. ஏறிய இடத்துக்கும் கீழே போய் விழுந்தது.

அங்கும் ஏழைக்குத் தனி நீதிதான். வேலையில்லாமல் சர்க்கார் உதவியில் வாழ்பவன் இந்தச் சலுகையில் கார் வாங்கினால், சலுகைத் தொகையை அவனுடைய வருமானமாகக் கணக்கிட்டு உதவியைக் குறைக்க வேண்டும் என்று சர்க்கார் நிலை எடுத்தது. விவகாரம் கோர்ட்டுப் படியேறியது. வசதியுள்ளவன் வாங்கினால் சலுகை, வேலையற்றவன் வாங்கினால் வருமானம்!

பிரான்ஸ் இந்தப் பாடத்தை இன்னும் முன்னாலேயே படித்திருந்தது. 1994-லிருந்து 1996 வரை, பிரதமர்கள் பல்லதூர், ஜூப்பே காலத்தில், அடுத்தடுத்து இரண்டு சலுகைத் திட்டங்கள் வந்தன. 1996-இல் 21 லட்சத்துக்கு மேல் இருந்த விற்பனை, சலுகை நின்ற மறு ஆண்டே 17 லட்சத்துக்கு வந்தது.

ஐரோப்பாவின் இந்தக் கதைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையில் செய்த சிறிய கார்கள் அப்போது சென்னைத் துறைமுகத்தில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. சலுகை கிடைத்த ஐரோப்பியர்கள் சிறிய வண்டிகளைத் தேடியதால் அவற்றுக்குக் கிராக்கி கூடியது. சலுகை முடிந்ததும் அந்தக் கிராக்கி தளர்ந்தது. எங்கோ பெர்லினில் போடும் ஒரு கையெழுத்து, இங்கே ஷிப்டில் நிற்கும் தொழிலாளியின் வேலைப் பளுவைக் கூட்டுகிறது, குறைக்கிறது. அதே 2009-லும் 2010-லும் அந்தத் தொழிற்சாலையில் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டும், வேலை நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுக்கக் கோரியும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கார் வாங்குகிறவனுக்குச் சலுகை கொடுத்த எந்த சர்க்காரும், அந்தக் காரைச் செய்கிறவனுக்குச் சங்க உரிமை உண்டா என்று கேட்கவில்லை.

காரைச் செய்கிறவன் வாங்க முடிகிறதா?

பிரச்னையின் வேர் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் 2007-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி, புதிதாகச் சேரும் பல கார் தொழிலாளிகளுக்கு மணிக்குச் சுமார் 14 டாலர். பக்கத்தில் நின்று அதே வேலை செய்யும் பழைய தொழிலாளிக்குச் சுமார் 28 டாலர். ஒரே பட்டறை, ஒரே வேலை, பாதிக் கூலி! 2009 திவாலின்போது இன்னொரு நிபந்தனையும் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸிலும் கிரைஸ்லரிலும் 2015 வரை கூலிக்காக வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று சங்கம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கையால் தொழிலாளியின் கூலியைப் பாதியாக்கினார்கள். மறு கையால் 'கார் வாங்க ஆளில்லையே' என்று கஜானாவைத் திறந்தார்கள். கார் வாங்கும் சக்தி எங்கே போயிற்று என்று தேடியவர்கள், தாங்கள் வெட்டிய கூலியில் தேடவில்லை.

2023 செப்டம்பர் 15-இல் அந்தத் தொழிலாளர்கள் மூன்று பெரிய கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆறு வாரப் போராட்டத்துக்குப் பிறகு, 2028 வரையுள்ள ஒப்பந்தத்தில் 25 சதவீதக் கூலி உயர்வு பெற்றார்கள். உச்சக் கூலியை எட்ட எட்டு வருஷம் காத்திருந்தது மூன்று வருஷமாகக் குறைந்தது. தள்ளுபடிப் பணம் ஒரு மாதத்தில் தீர்ந்தது. இந்த உயர்வு சம்பள நாள்தோறும் வீட்டுக்கு வருகிறது.

நம் நாட்டில்

இந்தியாவில் பழைய வண்டிகளை உடைக்கும் கொள்கையைப் பிரதமர் மோடி 2021 ஆகஸ்ட் 13-இல் தொடங்கி வைத்தார். தகுதிப் பரிசோதனையில் தோற்ற வண்டியை உடைக்கக் கொடுத்துச் சான்றிதழ் பெற்றால், புது வண்டிக்கு வரிச் சலுகை உண்டு. சொந்த வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை. 2024 ஆகஸ்டில் கார் கம்பெனிகளும் ஒரு தள்ளுபடியை அறிவித்தன. விலையில் ஒன்றரை சதவீதம் அல்லது 20,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது.

ஆக, ஷோரூமில் நுழையக் கூடியவனுக்குச் சலுகை. மற்றவனுக்கு? 2022 ஏப்ரல் 1 முதல், 15 வருஷமான காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாய் 1,000 ரூபாயாயிற்று. பழைய வேனில் காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போகிறவன், செகண்ட் ஹாண்ட் மோட்டார் சைக்கிளில் மில்லுக்கு ஷிப்டுக்கு வருகிறவன், இவர்கள் ஆசைப்பட்டா பழைய வண்டி ஓட்டுகிறார்கள்? புகையடிக்கும் வண்டி வேண்டும் என்று எந்த உழைப்பாளியும் கேட்கவில்லை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பதே அவனும் ரோட்டோரக் குடிசையில் உள்ள அவன் குழந்தையும்தான். காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. அதன் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி.

நாம் சொல்வது

அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்று நாடுகளின் அனுபவம் ஒன்றையே காட்டுகிறது. வாங்குகிறவனுக்குக் கொடுக்கும் சலுகை விற்பனையின் தேதியை மாற்றும். விற்பனையின் அளவை நிலையாக உயர்த்தாது. சலுகை நின்ற மறுநாள் பட்டறையில் வேலை குறையும். அப்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவன் தற்காலிகத் தொழிலாளியும் காண்டிராக்ட் தொழிலாளியும்தான்.

ஆகவே, பொதுப் பணத்தைக் கொண்டு வண்டித் தொழிலுக்கு உதவப் போகிறோம் என்று எந்த சர்க்கார் சொன்னாலும் நாம் சில கேள்விகளைக் கேட்போம்.

பணம் வாங்கும் கம்பெனி எத்தனை பேருக்கு, எத்தனை காலத்துக்கு நிரந்தர வேலை தருவதாக எழுத்தில் கொடுக்கிறது?

பழைய வண்டியை நம்பிப் பிழைப்பவனுக்கு, அவன் வண்டியை எடுத்துக்கொள்ளும் முன், வேறு வண்டி வாங்க நேரடி உதவியும் குறைந்த வட்டிக் கடனும் உண்டா?

அதே பணத்தில் எத்தனை புது பஸ்கள் வாங்கலாம்? ஒரு பஸ் அறுபது பேரை ஏற்றும். அதைச் செய்யவும் தொழிலாளி வேண்டும், ஓட்டவும் தொழிலாளி வேண்டும், பழுது பார்க்கவும் தொழிலாளி வேண்டும். நாற்பது மோட்டார் சைக்கிளின் புகையை ஒரு பஸ் மிச்சப்படுத்தும். இரவு ஷிப்டு முடித்து நடந்து வரும் பெண் தொழிலாளிக்கு அந்த பஸ் பாதுகாப்பு. முதல் பஸ்ஸுக்கு மூன்று மைல் நடக்கும் கிராமத்து விவசாயக் கூலிக்கு அது ஆஸ்பத்திரிக்கும் வழி, பள்ளிக்கூடத்துக்கும் வழி.

எல்லாவற்றுக்கும் மேலாக, மார்க்கெட்டில் சரக்கு தேங்குகிறது என்று அழுகிற முதலாளிகளிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சரக்கை வாங்க வேண்டியவன் யார்? உங்கள் தொழிற்சாலையில் கூலிக்கு நிற்கிறவன்தானே. அவன் கூலியை உயர்த்துங்கள். ஆடியிலும் வாங்குவான், ஆவணியிலும் வாங்குவான்.